ஊமையான ஒலிபெருக்கி

"பதறாத காரியம் சிதறாது" என்பர் நம் பெரியோர். ஆனால் கருவி ஒன்று பழுதானவுடன், "எல்லாம் போயிற்று, புதிது வாங்கிவிடுவோம்" என்று பதறுவதே இன்று நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. காரில் உள்ள ஸ்டீரியோவை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்பீக்கர்களில் மூன்று பாடுகின்றன. ஒன்று மட்டும் ஊமையாகிவிடுகிறது. குற்றம் செட்டிலா, வயரிலா, ஸ்பீக்கரிலா? இதைக் கண்டறியும் வழியை நாம் இக்கட்டுரையில் காண்போம்.

காரில் வானொலி வைக்கும் வழக்கம் பழமையானது. அமெரிக்காவில் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் 1930-ஆம் ஆண்டில் மோட்டரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே, இங்கிலாந்தில் ஆலன் புளும்லைன் என்ற பொறியாளர், இடம் வலம் என இரு வழிகளில் ஒலியைப் பிரித்துத் தரும் ஸ்டீரியோ முறைக்குக் காப்புரிமை கோரினார். இன்றைய கார்களில் பெரும்பாலும் முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என நான்கு வழிகள் உள்ளன. ஒவ்வொரு வழியும் மூன்று கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி. செட்டில் உள்ள பெருக்கி முதல் கண்ணி, வயர் இரண்டாவது, ஸ்பீக்கர் மூன்றாவது. எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்குக் கேட்பது ஒரே மௌனம்தான்!

முதலில் திருப்புளியைத் தொடாமலே பார்க்க வேண்டியவை சில உண்டு. ஒலியை இடவலமாக நகர்த்தும் பேலன்ஸும், முன்பின்னாக நகர்த்தும் ஃபேடரும் நடுவில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு வானொலி, பென்டிரைவ் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் ஓசை குறைந்தால் பழுது அந்த வழியில் வரும் பாட்டில்தான், ஸ்பீக்கரில் அன்று. ஃபியூஸ் போயிருக்குமோ என்று சிலர் ஐயுறுவர். ஃபியூஸ் செட் முழுமைக்கும் பொதுவானது. அது போயிருந்தால் மற்ற மூன்று ஸ்பீக்கர்களும் பாடியிருக்குமா?

அடுத்ததே முக்கியமான சோதனை. ஊமையான ஸ்பீக்கரின் இரு வயர்களையும், நன்றாகப் பாடும் ஒரு ஸ்பீக்கரின் இரு வயர்களையும் செட்டின் பின்புறத்தில் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். மௌனம் மற்ற ஸ்பீக்கருக்கு இடம் பெயர்ந்தால் குற்றம் செட்டில். பழைய ஸ்பீக்கரே மீண்டும் ஊமையாக இருந்தால் செட் குற்றமற்றது. வயரையோ ஸ்பீக்கரையோதான் தேட வேண்டும். ஒரே சோதனையில் சந்தேகம் பாதியாகக் குறைந்துவிடுகிறது அல்லவா?

இனி ஸ்பீக்கர். அதன் உள்ளே காந்தமும், கம்பிச் சுருளும், காகிதம் போன்ற கூம்பும் உள்ளன. வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிடில் சுருள் அறுந்துவிட்டது எனலாம். மீட்டர் இல்லாதவர்கள் டார்ச் விளக்குக்குப் போடும் 1.5 வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டு எடுக்கலாம். "டப்" என்ற ஓசையுடன் கூம்பு அசைந்தால் ஸ்பீக்கருக்கு உயிர் உண்டு.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். அவர் வண்டியில் பின் இடது ஸ்பீக்கர் பேசவில்லை. ஒரு கடையில், செட்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அது அவருடைய பல நாள் வருமானம். எனவே ஆசிரியையின் அனுமதியோடு ஆய்வகத்து மீட்டரை எடுத்துக்கொண்டு, அவர் முன்னிலையிலேயே நாங்கள் சோதித்தோம். தனியாக வாங்கிப் பொருத்தும் செட்களில் பெரும்பாலும் வெள்ளை வயர் முன் இடதுக்கும், சாம்பல் முன் வலதுக்கும், பச்சை பின் இடதுக்கும், ஊதா பின் வலதுக்கும் உரியவை. கறுப்புக் கோடு போட்டது எதிர்முனை. பச்சையையும் வெள்ளையையும் இடம் மாற்றினோம். பின் இடது அப்போதும் ஊமைதான். ஆகவே செட் தப்பியது! ஸ்பீக்கரை அளந்தோம், 3.6 ஓம் காட்டியது. அதுவும் தப்பியது. எஞ்சியது வயர் ஒன்றே.

கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயை விலக்கிப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. பச்சை வயரின் மேலுறை முழுசாக இருந்தது. உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வயர் அதே இடத்தில் மடிகிறது. நம் ஊரில் பயணிகள் ஏறி இறங்குவது பெரும்பாலும் பின் இடது கதவில்தானே! ஆகவே முதலில் களைத்துப்போனதும் அந்த வயரே. ஒரு சாண் வயர், சிறிது ஈயம், இன்சுலேஷன் டேப் ஆகியவற்றோடு வேலை முடிந்தது. பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் ஓம் விதி தேர்வுத் தாளோடு முடிவதில்லை என்பதை அன்று கண்டோம்.

சில எச்சரிக்கைகளையும் மறக்கலாகாது. செட்டைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனையை விலக்க வேண்டும். சில செட்கள் மின்சாரம் நின்றால் பூட்டிக்கொள்ளும். அவற்றின் இரகசிய எண்ணை முன்பே குறித்துக்கொள்வது நல்லது. வயர்களை இடம் மாற்றும்போதெல்லாம் செட் அணைந்திருக்க வேண்டும். ஸ்பீக்கர் வயர் எதுவும் வண்டியின் இரும்பில் படக்கூடாது. இன்றைய செட்களில் இரு வயர்களிலுமே பேட்டரியின் பாதி மின்னழுத்தம் இருக்கும். இரும்பில் பட்டால் பெருக்கி கெடக்கூடும். மஞ்சள் நிற இணைப்புகள் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றைத் தொடவே கூடாது. மீண்டும் இணைக்கையில் நேர்முனை எதிர்முனை மாறினால் ஸ்பீக்கர் பாடும். ஆனால் கூம்பு எதிர்த்திசையில் அசைவதால் தாழ்ந்த ஓசைகள் மெலிந்துபோகும். பெரியவர் ஒருவர் உடனிருப்பது அவசியம்.

குற்றம் செட்டில்தான் என்றால் என் செய்வது? நான்கு பெருக்கிகளும் பெரும்பாலும் ஒரே சில்லுக்குள் அடங்கியிருப்பதால், அதனை மாற்றுவது தேர்ந்த தொழிலாளியின் வேலை. அப்போதும், "பின் இடது வழியில் பெருக்கி பழுது" என்று நாம் தெளிவாகச் சொல்லிக் கேட்டால், தேவையற்ற செலவுக்கு இடமிராது.

தோழியரே! "இதெல்லாம் ஆண்பிள்ளைகள் வேலை" என்று ஒதுங்கி நிற்க வேண்டாம். மீட்டரின் முள் பிடிப்பவர் யார் என்று பார்த்து அசைவதில்லை. எங்கே அறுந்தது என்று பொறுமையோடு ஒவ்வொரு கண்ணியாகத் தேடக் கற்றுக்கொண்டால், ஸ்பீக்கர் மட்டுமன்று, இஸ்திரிப்பெட்டியும் மேசை விளக்கும்கூட நம் கையில் மீண்டும் உயிர் பெறும்.