பாதையை விட்டு இறங்காதீர்கள்: ஓடையில் ஒரு நண்டு இருக்கிறது

மாணவர்களே, லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைக்கு நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று யோசித்ததுண்டா? ஹொக்கியன் மொழியில் அது மூங்கிலைக் குறிக்கும் பெயர். ஒருகாலத்தில் அங்குள்ள ரோச்சோர் கால்வாய்க் கரையில் மூங்கில்கள் வளர்ந்திருந்தன. சந்தைக்குப் பக்கத்திலேயே பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் இருக்கின்றன. 'கெர்பாவ்' என்றால் மலாயில் எருமை. குடிக்கத் தண்ணீரும் மேயப் புல்லும் கிடைத்ததால் 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தில் மாட்டு வணிகம் செழித்தது. நம்மவர்கள் பலர் இங்கே குடியேறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் கால்வாய் இன்றும் அங்கே ஓடுகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போவோமா?

தண்ணீர் வரும் வழி

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் டௌன்டவுன் ரயில் பாதையில் ஏறுங்கள். ஏழாவது நிறுத்தமான பியூட்டி வோர்ல்டில் இறங்குங்கள். இந்தப் பயணம் முழுவதும் ரயில் பூமிக்கு அடியில் போகும். தரைக்கு மேலே, புக்கிட் தீமா சாலைக்கும் டனர்ன் சாலைக்கும் நடுவே, புக்கிட் தீமா கால்வாய் ஓடும். அதுதான் நகரை நெருங்கும்போது ரோச்சோர் கால்வாய் ஆகிறது. கடைசியில் அந்தத் தண்ணீர் மரினா நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது.

வெள்ளத்தைத் தடுப்பதற்காகக் கால்வாயின் கரைகளைக் கான்கிரீட்டால் கட்டினார்கள். பெருமழை பெய்தால் தண்ணீரின் ஒரு பகுதியை வேறு பக்கம் அனுப்பத் திசைதிருப்புக் கால்வாய்களும் வெட்டப்பட்டன. கூரையிலும் சாலையிலும் விழும் மழை சில நிமிடங்களில் இங்கு வந்து கொட்டிவிடும். மழை நின்றதும் நீர்மட்டம் மளமளவென்று இறங்கிவிடும்.

இப்போது ரயிலை விட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியின் நுழைவாயில் வந்துவிடும். இங்குள்ள குன்று சுமார் 164 மீட்டர் உயரம். சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடம் இதுதான். 1883லேயே இதைப் பாதுகாக்கப்பட்ட காடாக ஒதுக்கிவிட்டார்கள்.

உள்ளே போனவுடன் வெயில் தணிந்துவிடும். தலைக்கு மேலே செராயா மரங்கள். காலடியில் உதிர்ந்த இலைகளின் மெத்தை. இங்கே பெய்யும் மழை முதலில் இலைகளில் விழுகிறது. பிறகு சருகில் சொட்டி, மண்ணுக்குள் இறங்கி, அங்கே தங்குகிறது. மண் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. அதனால்தான் மழை பெய்யாத நாளிலும் மரங்களுக்கு இடையில் ஓடை சலசலக்கிறது. கான்கிரீட் கால்வாய்க்கும் காட்டு ஓடைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

சிறிய காடு, பெரிய பட்டியல்

இந்தக் காடு எவ்வளவு பெரியது? சுமார் 163 ஹெக்டர், அதாவது ஏறக்குறைய 1.6 சதுர கிலோமீட்டர். ஆனால் 1854ல் சிங்கப்பூருக்கு வந்த இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், ஏறத்தாழ இரண்டே மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவற்றில் பெரும்பாலானவை புக்கிட் தீமா பகுதியில் ஒரு சதுர மைலுக்கும் மிகாத காட்டில் கிடைத்தவை.

வாலஸ் வந்து போய் 130 ஆண்டுகளுக்கு மேலான பிறகும் இந்தக் காடு ஒரு புதிய செய்தியை வைத்திருந்தது. 1986ல் விலங்கியல் ஆய்வாளர் பீட்டர் இங், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு நண்டினத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதற்கு 'ஜொகோரா சிங்கப்பூரென்சிஸ்' என்று பெயர். தமிழில் சிங்கப்பூர் நன்னீர் நண்டு எனலாம். ஓட்டின் அகலம் அதிகபட்சம் 3 சென்டிமீட்டர்தான். உங்கள் உள்ளங்கையில் சுலபமாக உட்கார்ந்துவிடும். பகலில் கல்லுக்கு அடியிலும் சருகுக்குள்ளும் ஒளிந்திருக்கும்.

இந்த நண்டின் வாழ்க்கையில் ஒரு சிக்கல் உண்டு. கடல் நண்டுகளின் குஞ்சுகள் முதலில் இளம்புழுக்களாக நீரில் மிதந்து, நீரோட்டத்தோடு நெடுந்தூரம் போகும். ஓர் இடம் கெட்டுப்போனாலும் வேறோர் இடத்தில் பிழைத்துக்கொள்ளும். நன்னீர் நண்டுக்கு அந்த வழி இல்லை. முட்டையிலிருந்து நேரடியாகக் குட்டி நண்டாகவே அது வெளிவருகிறது. தாய் வாழ்ந்த ஓடையிலேயே தானும் வாழ்கிறது. அந்த ஓடை கெட்டால், போக இடம் இல்லை.

1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை, இந்தக் காட்டை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்தது. பிரிந்த காடுகளை இணைக்க 2013ல் சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்தில் ஒரு பசுமைப் பாலம் கட்டினார்கள். எறும்புத்தின்னி போன்ற விலங்குகள் அதில் கடந்து போகின்றன. ஆனால் ஓடைக் கல்லுக்கு அடியில் வாழும் நண்டை எந்தப் பாலமும் அடுத்த ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

நண்டைக் கண்டுபிடித்த பிறகு, இந்த வனப்பகுதியின் ஓடையில் அதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. காட்டை யாரும் வெட்டவில்லை. ஓடையை யாரும் மூடவில்லை. பிறகு ஏன் குறைந்தது? தண்ணீரின் அமிலத்தன்மை கூடியது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதை நீங்கள் வேதியியல் பாடத்தோடு பொருத்திப் பார்க்கலாம். பிஎச் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. தூய மழைநீரே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சுமார் 5.6 ஆகிவிடும். எரிபொருள் எரியும்போது வரும் கந்தக டைஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கலந்தால் இன்னும் இறங்கும். பிஎச் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதை மறக்காதீர்கள். சுண்ணாம்புப் பாறை உள்ள மண், அமிலத்தை ஓரளவு நடுநிலையாக்கிவிடும். புக்கிட் தீமா குன்றோ கருங்கல்லால் ஆனது. கருங்கல்லுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு.

நண்டின் ஓட்டை உறுதியாக்குவது கால்சியம் கார்பனேட். வளரும்போது நண்டு பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை உருவாக்க வேண்டும். அதற்குக் கால்சியம் தேவை. வீட்டில் ஒரு முட்டை ஓட்டை வினிகரில் போட்டுப் பாருங்கள். குமிழ்கள் கிளம்பும், ஓடு கரையத் தொடங்கும். ஓடையில் இவ்வளவு வேகமாக நடக்காது. ஆனாலும் அமில நீரில் கால்சியம் சார்ந்த உயிர்கள் திணறும்.

இது நமக்கு மட்டுமான கதை என்று நினைக்காதீர்கள். நெதர்லாந்து மக்கள் நடைப்பயணத்தில் பிரியம் உள்ளவர்கள். காடு, ஊதாப் பூக்கள் பூக்கும் புதர்வெளி, ஓடைப் பள்ளத்தாக்கு என்று அங்கே நீண்ட நடைபாதைகள் உண்டு. அந்தக் காடுகள் சிலவற்றில் பட்டாணிக்குருவிகள் மெல்லிய ஓடுள்ள முட்டைகளை இட்டன. சில முட்டைகளுக்கு ஓடே இல்லை. காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள் 1994ல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். அமில மழை மண்ணிலிருந்த கால்சியத்தைக் குறைத்தது. கால்சியம் குறைந்ததால் நத்தைகள் குறைந்தன. நத்தை ஓட்டைத் தின்று கால்சியம் பெற்ற குருவிகளின் முட்டை ஓடு மெலிந்தது. நடந்து போனவர்களுக்குக் காடு பச்சையாகத்தான் தெரிந்திருக்கும். பச்சையாக இருக்கும் காடெல்லாம் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் காலணிக்கும் பங்கு உண்டு

2012ல் உலகில் மிகவும் ஆபத்தில் உள்ள 100 உயிரினங்களின் பட்டியல் வெளியானது. அதில் நம் நண்டும் இருந்தது. 2014ல் தேசியப் பூங்காக் கழகம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் முதலிய அமைப்புகளின் வல்லுநர்கள் கூடி அதைக் காக்கத் திட்டம் வகுத்தார்கள். நண்டுகளைப் பராமரிப்பில் வைத்து இனப்பெருக்கம் செய்வதும் அந்தத் திட்டத்தில் அடங்கும்.

காற்றில் வரும் அமிலத்தை ஒரு மாணவரால் தடுக்க முடியாது. ஆனால் ஓடைக்கு வரும் வேறு ஆபத்துகளைத் தடுக்க முடியும். குறுக்கு வழி என்று பாதையை விட்டு இறங்கினால், சருகு மெத்தை நசுங்கி மண் இறுகுகிறது. இறுகிய மண் மழையைக் குடிக்காது. தண்ணீர் மேலாக ஓடிச் சேற்றை ஓடைக்குள் கொண்டு சேர்க்கும். கற்களுக்கு இடையிலுள்ள இடுக்குகள் அடைபடும். அந்த இடுக்குதான் நண்டின் வீடு. இரண்டாவதாக, வளர்ப்பு மீனையோ ஆமையையோ ஓடையில் விடாதீர்கள். நீங்கள் கருணை என்று நினைத்துச் செய்வது அங்குள்ள உயிருக்கு எமனாகலாம். மூன்றாவதாக, கல்லைப் புரட்டி நண்டைத் தேடாதீர்கள்.

அப்படியானால் நண்டைப் பார்க்கவே முடியாதா? பெரும்பாலும் முடியாது. பரவாயில்லை. பாதையில் நின்று கண்ணை மூடி ஓடையின் ஓசையைக் கேளுங்கள். வீடு திரும்பிய பிறகு, அடுத்த மழையின்போது ஒரு சுத்தமான பாத்திரத்தில் நீர் பிடித்து, பிஎச் தாளால் சோதியுங்கள். ஒரு மாதம் தொடர்ந்து குறித்து வாருங்கள். அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள ஓடையில் கால் வைக்கத் தேவையில்லை.

காலத்தைத் திருப்பவும் ஓரளவு வழி உண்டு. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, காலாங் ஆற்றை 2012ல் மீண்டும் வளைந்து ஓடவிட்டார்கள். இன்று அங்கே நீர்நாய்களும் வந்து போகின்றன. ஆறு ஒன்றை நம்மால் மீட்டுக்கொள்ள முடிந்தது. ஆனால் உலகில் ஒரே நாட்டில் மட்டும் வாழும் ஒரு நண்டு அழிந்துவிட்டால், அதை எந்தப் பொறியாளராலும் திரும்பக் கட்டித் தர முடியாது.

அடுத்த முறை தேக்கா சந்தைக்குப் போகும்போது, சாலையைக் கடந்து கால்வாயை ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். மூங்கில் போய்விட்டது, பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மலையடிவார ஓடையில் இருக்கும் நண்டுக்கும் அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வது, பாதையில் நடக்கும் உங்கள் கால்களிலும் இருக்கிறது.