விரல் வலி வேறு, கை வலி வேறு

ஆசையாக வாங்கிய கிட்டார் மூன்றாவது வாரத்தில் பீரோ மேல் ஏறிவிட்டால் வீட்டில் சோம்பேறித்தனம் என்பார்கள். பல நேரம் குற்றவாளி விரல் நுனிதான். கம்பியை அழுத்தி அழுத்தி இடது கையின் நான்கு விரல்களும் சிவந்து, சட்டைப் பொத்தானைப் போடும்போதுகூடச் சுரீர் என்கிறது. மாஸ்டரிடம் சொன்னால், "அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்பார். விரல் நுனியைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. மணிக்கட்டுக்கும் முன்னங்கைக்கும் அதே பதிலைச் சொன்னால் ஆபத்து.

முதலில் நுனியைப் பார்ப்போம். சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் இருப்பவை எஃகுக் கம்பிகள். அவற்றில் மெல்லியதன் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர். ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவிசை 70 கிலோவைத் தாண்டும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் ஏறக்குறைய 40 கிலோதான். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் கணக்குதான் இங்கேயும். விரல் கொடுக்கும் விசை முழுவதும் ஒரு மெல்லிய கோட்டில் குவிகிறது. அதுவும் எந்த இடத்தில்? ஒரு சதுர சென்டிமீட்டரில் 200-க்கும் மேற்பட்ட தொடு உணர்வு நரம்பு முனைகள் இருக்கும் இடத்தில்.

இந்தத் தொல்லையைத் தோல் சும்மா விடுவதில்லை. அழுத்தமும் உராய்வும் தொடர்ந்தால் மேல்தோலின் அடி அடுக்கிலுள்ள செல்கள் வேகமாகப் பிரிகின்றன; கெரட்டின் நிறைந்த இறந்த செல்கள் மேலே அடுக்கடுக்காகச் சேர்ந்து காய்ப்பு விழுகிறது. மேல்தோல் தன்னை முழுதாகப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எனவே எரிச்சலும் சில வாரங்கள் இருக்கத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாசிப்பதைவிட, தினமும் இரண்டு வேளை கால் மணி நேரம் வாசிப்பது நல்லது. ஒரேயடியாகத் தேய்த்தால் தோலின் அடுக்குகள் பிரிந்து நடுவே நீர் கோத்துக் கொப்புளமாகிவிடும். பிறகு ஒரு வாரம் கிட்டாரைத் தொட முடியாது. குளித்த கையோடு, பாத்திரம் தேய்த்த கையோடு வாசிக்க உட்காராதீர்கள். ஊறிய தோல் எளிதில் கிழியும். வீணை வாசிப்பவர்களின் இடது ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பி பதிந்த கோடுகளைப் பார்க்கலாம். கமகத்துக்குக் கம்பியை இழுத்து வாசிக்கும் அவர்கள், விரல் வழுக்கிச் செல்ல எண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான், தடித்த கம்பிகளால் கிழிந்த விரல் நுனியைச் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிக்கொண்டு மேடையேறியவர். அவரைப் பார்த்து யாரும் முயல வேண்டாம்.

ஒரு விஷயத்தைக் கடைகளில் பெரும்பாலும் சொல்வதில்லை. வலிக்குப் பாதிக் காரணம் கிட்டாராகவே இருக்கலாம். கம்பிக்கும், கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைக்கும் (ஃபிரெட்) உள்ள இடைவெளியை ஆக்‌ஷன் என்பார்கள். 12-வது ஃபிரெட்டில் தடித்த கம்பிக்கு அடியில் பழைய ஏடிஎம் அட்டைகளைச் செருகிப் பாருங்கள். ஒரு அட்டை முக்கால் மில்லிமீட்டர். நான்கு அட்டைகள் தாராளமாக நுழைந்தால் ஆக்‌ஷன் அதிகம். முதல் ஃபிரெட்டில் எஃப் மேஜர் கார்டு பிடிக்க முடியாமல் அழுத பிள்ளைகள் பலருக்கு, தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டில் காடி ஆழமாக வெட்டப்படாததுதான் பிரச்சினை. பழுது பார்ப்பவர் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார்.

கம்பியின் இழுவிசை விரலை என்ன செய்யும் என்பதை பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி அளவுக்கு உணர்ந்தவர் இல்லை. 1965-ல், பர்மிங்காம் தகரத் தொழிற்சாலையில் வேலையின் கடைசி நாள், வயது 17. வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இயந்திரம் வெட்டிவிட்டது. அவர் இடக்கைக்காரர், கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான். தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ல் தீவிபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் உலகப் புகழ் பெற்றவர். அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டார். கம்பி இன்னும் இளக வேண்டியிருந்தது. மெல்லிய கிட்டார் கம்பிகள் கடையில் கிடைக்காததால் பாஞ்சோ கம்பிகளைப் போட்டார். 1971-ல் வெளிவந்த பிளாக் சபாத் குழுவின் இசைத்தொகுப்பின் சில பாடல்களில் சுருதியை மூன்று அரைச் சுரங்கள் இறக்கினார். இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. மூன்று அரைச் சுரம் இறக்கினால் சுமார் 29 சதவீதம் குறையும். ஹெவி மெட்டலின் கனத்த ஒலியில் அந்தக் காயத்துக்கும் பங்குண்டு. தொடக்க நிலையில் இருப்பவர் ஒரு அரைச் சுரம் இறக்கினாலே 11 சதவீதம் மிச்சம்.

இனி கை. விரலை மடக்கும் வலுவான தசைகள் விரலில் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. கிணற்றுக் கயிறு ராட்டினத்தின் வழியே ஓடுவதுபோல, தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரலுக்குள் ஓடுகின்றன. மணிக்கட்டில் உள்ள குறுகிய சுரங்கத்துக்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டை அதிகமாக மடக்கிக்கொண்டு வாசித்தால் உள்ளே அழுத்தம் ஏறி, அந்த நரம்பு நசுங்குகிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது இதனால்தான். கட்டை விரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி வலித்தால் அது வேறு நோய். 1895-ல் அதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் தெ கெர்வெய்னின் பெயரால் அழைக்கப்படுகிறது. தசைநாண் தோலைப் போலக் காய்த்துப் பழகாது. ரத்த ஓட்டம் குறைவு என்பதால் மெதுவாகத்தான் வலுப்பெறும், மெதுவாகத்தான் ஆறும். ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம் அரை மணி நேரப் பயிற்சி திடீரென நான்கு மணி நேரமாகும்போது அடிபடுவது இதுதான்.

தேவைக்கு மேல் அழுத்துவதும் ஒரு காரணம். ஒரு சின்ன சோதனை செய்யலாம். ஃபிரெட்டை ஒட்டினாற்போல விரலைக் கம்பிமேல் சும்மா வைத்து மீட்டுங்கள். 'தொக்' என்று செத்த ஒலி வரும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே மீட்டினால் முதலில் 'கிர்' என்ற இரைச்சல், பிறகு ஒரு கட்டத்தில் சுத்தமான நாதம். தேவைப்படும் விசை அவ்வளவே. நாம் வழக்கமாக அதைவிட எவ்வளவு கூடுதலாக அழுத்துகிறோம் என்பது அப்போது தெரியும். கிட்டார் கழுத்தின் பின்னால் இருக்கும் கட்டை விரலை எடுத்துவிட்டும் வாசித்துப் பாருங்கள். இடுக்கிப் பிடிக்கும் பழக்கம் தளரும்.

வலியே இல்லாத ஒரு கோளாறும் உண்டு. தந்தி வாத்தியக்காரர்கள் ஒன்பது பேரின் மூளையை ஜெர்மானிய ஆய்வாளர் தாமஸ் எல்பெர்ட்டின் குழு 1995-ல் ஆராய்ந்தபோது, இடது கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பயிற்சி மூளையின் வரைபடத்தையே மாற்றுகிறது. சிலருக்கு அந்த வரைபடத்தில் விரல்களின் எல்லைகள் கலந்துபோய், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாகச் சுருண்டுகொள்ளும். ஃபோகல் டிஸ்டோனியா என்னும் இது தொழில்முறைக் கலைஞர்களில் நூற்றில் ஒருவருக்கு வருவதாகக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க கிட்டார் கலைஞர் பில்லி மெக்லாஃப்லின் இதனால் கை மாற்றி, இடக்கைக்காரராக முதலிலிருந்து வாசிக்கக் கற்றுக்கொண்டார். இதற்குக் கூடுதல் பயிற்சி மருந்தல்ல.

விரல் நுனி எரிந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். மரத்துப்போனாலோ, இரவில் குத்தலெடுத்து விழிக்க வைத்தாலோ, சில நாள் ஓய்வுக்குப் பிறகும் முன்னங்கை வலித்தாலோ மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். போகும்போது மறக்காமல் கிட்டாரையும் கொண்டு போங்கள். நீங்கள் அதை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதை அவர் நேரில் பார்த்தாக வேண்டும்.