கதிர்ச் சிகிச்சையில் அசையாதிருத்தல்

ராண்ட்ஜன் 1895-ஆம் ஆண்டில் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்த சில மாதங்களுக்குள்ளேயே அவற்றைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தும் முயற்சி தொடங்கிவிட்டது. அன்று முதல் மருத்துவர்களை வாட்டிவரும் வினா ஒன்று உண்டு. கதிர், கட்டியின்மீது விழ வேண்டும்; அதனை அடுத்துள்ள நல்ல உறுப்புக்களைத் தாக்கலாகாது. இதனைச் செய்வது எங்ஙனம்? கட்டி உடலுக்குள் மறைந்திருக்கிறது. உடலோ இன்று படுத்தவாறே நாளை படுப்பதில்லை. அன்றியும், சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று. தலை, கழுத்துப் பகுதிகளில் தோன்றும் புற்றுக்கு வழக்கமாக நாள் ஒன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்திற்கு ஐந்து நாட்களாக, 7 வாரங்களில் 70 கிரே அளிக்கப்படுகிறது. கிரே என்பது திசுக்கள் ஏற்கும் கதிரின் அளவைக் குறிக்கும் அலகாகும். இந்த 35 தடவைகளிலும் நோயாளி ஒரே கிடையில் இருத்தல் வேண்டும்.

அங்ஙனம் இருத்தல் இயலாதாகையால், மருத்துவர்கள் கட்டியைச் சுற்றி ஓர் எச்சரிக்கை விளிம்பு வைத்து, அவ்விளிம்பையும் சேர்த்தே கதிரைப் பாய்ச்சுகின்றனர். இவ்விளிம்பின் விலை என்ன என்பதை வகுப்பில் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டலாம். கட்டி 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை எனக் கொள்வோம். அதன் கன அளவு சுமார் 34 கன சென்டிமீட்டர். சுற்றிலும் 1 சென்டிமீட்டர் விளிம்பு வைத்தால் விட்டம் 6 சென்டிமீட்டராகி, கன அளவு 113 ஆகிவிடும். கட்டியைப் போல் இரு மடங்குக்கும் மிகுந்த நல்ல திசு வீணே கதிருக்கு இரையாகிறது. விளிம்பை அரை சென்டிமீட்டராகக் குறைத்தால் மொத்தக் கன அளவு 65 மட்டுமே. வீணாகும் நல்ல திசு ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சில மில்லிமீட்டர்களுக்காக இத்துணைப் பாடுபடுவது இதன் பொருட்டேயாம்.

பட வழிகாட்டலுடன் கூடிய கதிர்ச் சிகிச்சை இவ்விளிம்பைக் குறைக்கவே எழுந்தது. சிகிச்சை யந்திரத்திலேயே ஒரு சிறு எக்ஸ்-கதிர்க் குழாயும், அதற்கு எதிரே படம் ஏற்கும் தகடும் பொருத்தப்பட்டுள்ளன. நோயாளி படுத்தபின் இவை அவரைச் சுற்றி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் சுழன்று, உடலின் உட்புறத்தை முப்பரிமாணப் படமாகத் தருகின்றன. முன்னர்த் திட்டமிட்ட போது எடுத்த படத்துடன் இதனை ஒப்பிட்டு, வேறுபாடு கண்டால் படுக்கையையே சில மில்லிமீட்டர் நகர்த்திச் சரிசெய்கின்றனர். படம் எடுப்பதால் சேரும் கதிர், அன்றைய சிகிச்சை அளவில் நூற்றில் ஓரிரு பங்கைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை.

இங்கே ஒரு முரண்பாடு தலைகாட்டுகிறது. படம் எடுத்தல், ஒப்பிடுதல், நகர்த்துதல் ஆகிய இவை ஒவ்வொன்றும் நேரம் கொள்வன. நேரம் நீள நீள நோயாளி தம்மையறியாமலே அசைகிறார். இறுகியிருந்த தசைகள் தளர்கின்றன. குடலில் வாயு இடம் பெயர்கிறது. படம் காட்டியது அந்த ஒரு நிமிடத்து நிலையை மட்டுமே. அதன் பின்னர் நோயாளி அசைந்துவிட்டால், துல்லியமான அப்படம் பழங்கதையாகிவிடும். ஆகவே நோயாளியின் சௌகரியம் என்பது உபசாரத்தைச் சேர்ந்த விஷயமன்று. கதிரின் குறியைச் சேர்ந்த விஷயமாகும்.

இறுக்கிக் கட்டிவிட்டால் அசைவு நின்றுவிடும் என எண்ணுவது இயல்பு. அனுபவம் அதற்கு மாறானது. வலி பொறுத்துக் கிடப்பவர் நடுங்குவார், மூச்சை இழுத்து விடுவார், இடுப்பை நெளிப்பார். படுக்கைப் பலகை கரிய நாரிழையால் ஆனது; கதிரை அதிகம் தடுக்காதிருக்கவும் வளையாதிருக்கவும் அது அவ்வாறு செய்யப்பட்டுள்ளது. அதன்மேல் மெத்தை விரிக்கலாமே எனில், மெத்தை நாளுக்கு ஒரு விதமாக அமுங்கும். மாறாக, முழங்காலுக்கு அடியில் அளவான ஒரு திண்டு வைத்தால் இடுப்பு வலி தணிந்து, நோயாளி தாமாகவே அமைதியாகக் கிடப்பார். எளிய இத்திண்டின் பயனை எந்த விலையுயர்ந்த கருவியும் ஈடுசெய்வதில்லை எனல் மிகையன்று.

தலை, கழுத்துப் புற்றுக்கு முகக் கவசம் இன்றியமையாதது. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் விரிப்பர். ஈரமான வெதுவெதுப்புத் துணியைப் போர்த்தியது போலிருக்கும். சில நிமிடங்களில் அது முகத்தின் வடிவிலேயே கெட்டியாகிவிடும். வலைக் கண்கள் வழியே மூச்சு விடுவதில் தடையில்லை. ஆயினும் கவசம் பலகையோடு பூட்டப்பட்டதும், அடைபட்ட இடங்களுக்கு அஞ்சும் இயல்புடையோர் பதறிவிடுகின்றனர். இவர்களிடம் முன்கூட்டியே கவசத்தைக் காட்டி, கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்வது பெரிதும் உதவும். கண், மூக்குப் பகுதிகள் திறந்த கவசங்களும் உள்ளன. அப்போது முகத்தின் மேற்பரப்பை ஒளிக் காமிராக்கள் இடைவிடாது கண்காணிக்கும். கவசம் வார்த்தபின் தாடியையோ தலைமயிரையோ மழித்தலும், கொண்டையை நாளுக்கொரு விதமாக முடித்தலும் அதன் பொருத்தத்தைக் கெடுக்கும். வேண்டுதலுக்காக முடியிறக்க விரும்புவோர் மருத்துவரைக் கேட்டுச் செய்தல் நலம்.

இடுப்புப் பகுதிச் சிகிச்சையில் தொல்லை வேறு. கருப்பைவாய்ப் புற்றுக்கும், ஆண்களின் பிராஸ்டேட் சுரப்பிப் புற்றுக்கும் மூத்திரப்பை ஓரளவு நிரம்பியிருக்க வேண்டும். அப்போது குடல் மேலே விலகும். இதற்காகக் குறிப்பிட்ட அளவு நீர் பருகிக் காத்திருக்கச் சொல்வர். யந்திரம் தாமதமானால் பை மிகைபட நிரம்பி, நோயாளி அடக்க மாட்டாமல் தவிப்பார். கேட்பதற்கு நாணி வாளாவிருப்போரே பலர். இடது மார்பகத்திற்குச் சிகிச்சை பெறுவோரைச் சில இடங்களில் மூச்சை நிறைய இழுத்துச் சுமார் 20 விநாடி நிறுத்தச் சொல்கின்றனர். இருதயம் கதிரின் பாதையினின்று விலகுவதே காரணம். இதனை வீட்டிலேயே பழகி வரலாம். கையைத் தலைக்குமேல் உயர்த்த இயலாதபடி அறுவைக்குப்பின் தோள் இறுகியிருப்பின், தக்க பயிற்சியை முன்னரே தொடங்குதல் வேண்டும்.

மூன்றாம் வாரத்தையொட்டி வாய்ப் புண், கெட்டியான எச்சில், விழுங்கும்போது வலி ஆகியவை தோன்றலாம். மல்லாந்து படுத்தால் சளி தொண்டையில் அடைக்கிறது; உணவு குறைந்து உடல் மெலிய, கவசம் தளர்கிறது. ஊர் திரும்பிச் சிகிச்சையை இடையில் நிறுத்துவோர் பெரும்பாலும் இக்கட்டத்தில்தான் நிறுத்துகின்றனர். தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால், நோய் கட்டுப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது சற்று மேலாகக் குறைகிறது என மதிப்பிடப்பட்டுள்ளது. வலி மருந்தும் குழாய் வழி உணவும் இருக்க, பொறுக்க மாட்டாமை ஒன்றினால் நாட்களை இழப்பது பரிதாபம்.

கிராமங்களில் இச்சிகிச்சையைக் ‘கரண்ட் வைத்தல்’ என்று வழங்குகின்றனர். அப்பெயரே மின்சாரம் தாக்கும் என்னும் அச்சத்தை விளைவிக்கிறது. உண்மையில் கதிர் பாயும்போது சூடோ வலியோ தெரிவதில்லை. யந்திரத்தின் ஓசை மட்டுமே கேட்கும். வெளியிலிருந்து கதிர் பெற்றவர் உடலில் கதிர் தங்குவதுமில்லை. வீடு திரும்பியதும் குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். சிகிச்சையின்போது பணியாளர் அறையைவிட்டு வெளியேறினாலும், காமிரா வழியே நோயாளியைப் பார்த்துக்கொண்டும் பேச்சைக் கேட்டுக்கொண்டும் இருக்கின்றனர். இருமல் வந்தாலும் மூச்சு முட்டினாலும் குரல் கொடுக்கலாம், கையுயர்த்தலாம். கதிர் உடனே நிறுத்தப்படும். அதுவரை பாய்ந்த அளவு யந்திரத்தில் பதிவாகியிருக்குமாதலால், நோயாளி தெளிந்தபின் நிலையைச் சரிபார்த்து, எஞ்சிய அளவை மட்டும் அளிப்பர்.