வாய்தாவுக்கு யார் வருவது?

நீதிமன்றத்துக்குள் நுழைந்திருக்கும் தொழில்நுட்பத்தைக் கீழக்கரை போன்ற ஊர் எதைக் கொண்டு அளக்க வேண்டும்?

ராமநாதபுரம் கடற்கரை ஊரான கீழக்கரையில் ஒரு குடும்பச் சொத்து வழக்கு நீதிமன்றப் படியேறினால், யார் பக்கம் நியாயம் என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்து நிற்கும்: வாய்தாவுக்கு யார் வருவது? மரைக்காயர் வணிகர்கள் முத்தும் சங்கும் ஏற்றிக் கடல் கடந்த காலத்திலிருந்தே இந்த ஊரின் ஒரு பகுதி எப்போதும் வெளியில்தான் வாழ்கிறது. அன்று கொழும்பும் மலேயாவும். இன்று துபாயும் அபுதாபியும். பத்திரம் ஊரில் இருக்கும். பங்காளிகள் மூன்று நாடுகளில் இருப்பார்கள். இதற்கு ஊர் கைக்கொண்ட பழைய வழி பவர் பத்திரம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவர் தாமே நேரில் அறிந்த விஷயத்தை, அவரிடம் பவர் வாங்கியவர் அவருக்குப் பதிலாகக் கூண்டேறிச் சாட்சியாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தெளிவுபடுத்திவிட்டது. மனுவில் கையெழுத்திட வேறு ஆள் போதும். சாட்சி சொல்ல அவரே வர வேண்டும். விடுப்பு வாங்கி, விமானச் சீட்டு எடுத்து வந்து சேர்ந்த நாளில் நீதிபதி விடுப்பில் இருந்தால், எல்லாம் முதலிலிருந்து. நீதிமன்றங்களில் நடக்கும் தொழில்நுட்ப மாற்றத்தை இந்த ஊர் அளக்க வேண்டிய கோல் இதுதான்: அது யாருடைய அலைச்சலைக் குறைக்கிறது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள்?

மாறியது என்ன?

மாற்றத்தின் அடித்தளம் 2007இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டம். முதல் கட்டத்தில் கீழமை நீதிமன்றங்களுக்குக் கணினிகள் வந்தன. 2015இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் வழக்கு விவரங்கள் பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் வந்தன. 2023 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பழைய வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து மின்வடிவில் பாதுகாப்பதற்கு மட்டும் அதில் 2,000 கோடிக்கு மேல். இன்று ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. அந்த எண் கையில் இருந்தால் அடுத்த வாய்தா என்றைக்கு, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, நேற்று என்ன உத்தரவு போட்டார்கள் என்பதைக் கைபேசியிலேயே பார்க்கலாம். வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டால்தான் தெரியும் என்றிருந்த செய்தி துபாயில் இருக்கும் வழக்காளிக்கும் ஊரில் இருக்கும் எதிர்த்தரப்புக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. வெளியே அதிகம் பேசப்படாத மாற்றம் இது. ஆனால் வழக்காளியின் கையை வலுவாக்கியதில் இதற்குத்தான் முதலிடம்.

திரை வழியே சாட்சி சொல்வதற்குச் சட்டக் கதவு திறந்தது இ-கோர்ட்ஸ் திட்டத்துக்கும் முன்பே. அமெரிக்காவில் இருந்த மருத்துவர் ஒருவரின் சாட்சியத்தைக் காணொளியில் பதிவு செய்யலாமா என்ற கேள்வி மகாராஷ்டிர அரசு எதிர் பிரஃபுல் தேசாய் வழக்கில் எழுந்தது. செய்யலாம் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் பதினேழு ஆண்டுகள் அது அரிதாகவே பயன்பட்டது. 2020இல் கொரோனா வந்து நீதிமன்றங்களைப் பூட்டியபோதுதான் விதிவிலக்கு வழக்கமானது. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் மின்-குழு வகுத்த மாதிரி விதிகள், சாட்சி வெளிநாட்டில் இருந்தால் இந்தியத் தூதரக அதிகாரி ஒருவரின் முன்னிலையில் அவர் திரைக்கு வரலாம் என்று வழிகாட்டின. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போய், காணொளி வசதியை எந்த உயர் நீதிமன்றமும் மறுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

தூரத்தின் பழைய கணக்கு

இதை முற்றிலும் புதிய புரட்சியாகப் பார்க்கத் தேவையில்லை. இந்தக் கரைக்கும் நீதிக்கும் இடையே இருந்த தூரம் ஒன்றரை நூற்றாண்டாகக் குறைந்துகொண்டேதான் வருகிறது. ராமநாதபுரம் சமஸ்தானத்தில் கணவனின் அனுமதியின்றி விதவை ராணி செய்த தத்து செல்லுமா என்ற வழக்கு, லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போய் 1868இல்தான் முடிந்தது. ‘ராம்நாடு வழக்கு’ என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள், கப்பலில் வந்த காகிதங்களைப் படித்தே இந்து தத்துரிமைச் சட்டத்தின் திசையைத் தீர்மானித்தார்கள். பின்னர் மேல்முறையீடு என்றால் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்தது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தபோது அந்தப் பயணம் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டராகச் சுருங்கியது. மதுரைக்குக் கிளை வேண்டும் என்று தென்மாவட்டங்கள் கேட்டதற்குச் சொன்ன காரணத்தைத்தான் காணொளிக்கும் சொல்கிறோம்: நீதி இருக்கும் இடத்துக்கு மக்கள் போவதற்குப் பதிலாக, மக்கள் இருக்கும் இடத்துக்கு நீதி வரட்டும்.

காணொளிக்கு எதிரான முதல் ஆட்சேபம் வலுவானது. முகம் பார்க்காமல் நீதி வழங்க முடியுமா? குறுக்கு விசாரணையில் சாட்சியின் தடுமாற்றத்தைத் திரை மறைத்துவிடும். கேமராவுக்குப் பின்னால் நின்று யாராவது விடை எடுத்துக் கொடுத்தாலும் தெரியாது. உச்ச நீதிமன்றமே 2017 அக்டோபரில், மண உறவு வழக்குகளில் சமரசம் பேசும் கட்டத்தைத் திரைக்கு மாற்ற மறுத்தது. சமரசம் தோற்ற பிறகு இருதரப்பும் சம்மதித்தால் குடும்ப நீதிமன்றம் காணொளியை அனுமதிக்கலாம் என்றது. மூன்று நீதிபதிகளில் டி.ஒய். சந்திரசூட் மட்டும் மாறுபட்டு எழுதினார். இந்தத் தயக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரு வழக்கின் எல்லாக் கட்டங்களுக்கும் முகம் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. பெரும்பாலான வாய்தாக்களில் சாட்சி விசாரணையே நடப்பதில்லை. பதிலுரை தாக்கல், அவகாசம் கேட்பது, தேதி வாங்குவது என்றே நாள் முடிகிறது. மேல்முறையீடுகள் எப்போதுமே காகிதத்தைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. ராம்நாடு வழக்கில் எந்தத் தரப்பின் முகத்தை யார் பார்த்தார்கள்? ஆகவே உண்மையில் சர்ச்சைக்குரிய சாட்சியின் குறுக்கு விசாரணைக்கு நேரடி வருகையை வைத்துக்கொண்டு, மற்ற நாள்களைத் திரைக்கு விடுவதே நியாயமான பிரிவினை. சாட்சியத்தையே திரையில் எடுக்க நேர்ந்தால், அவரவர் வீட்டு அறையில் உட்கார வைக்காமல் தூதரக அதிகாரி முன்னிலையில் எடுப்பது பின்னாலிருந்து சொல்லிக் கொடுப்பதற்கான வாய்ப்பையும் பெருமளவு அடைத்துவிடும்.

எங்கே வேகம், எங்கே நிதானம்?

நீதிமன்றங்கள் இந்தப் பிரிவினையைத் தட்டுத்தடுமாறியேனும் கற்று வருகின்றன. 2020 ஜூலையில், சம்மனை வாட்ஸ்அப் வழியாகவும் அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில், விசாரணைக்கு வரச் சொல்லிக் காவல்துறை கொடுக்கும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்றது. இரண்டும் ஒரே கருவிதான். ஆனால் காவல்துறை நோட்டீஸ் வந்து சேராமல் போனால் அதைப் பெற வேண்டியவர் கைதாகலாம். அங்கே தனிமனித விடுதலை பணயமாகிறது. மறுபுறம், அதே விடுதலைக்காக வேகமும் தேவைப்படும். 2021 ஜூலையில் ஆக்ரா சிறையில் 13 கைதிகள், உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பிறகும், உத்தரவின் சான்றிட்ட நகல் வரவில்லை என்பதால் நாள்கணக்கில் உள்ளேயே கிடந்தார்கள். அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா அதைத் தாமாக முன்வந்து விசாரித்ததன் விளைவுதான், ஜாமீன் உத்தரவை மின்வழியே நேராகச் சிறைக்கு அனுப்பும் ‘ஃபாஸ்டர்’ முறை. அது 2022 மார்ச் இறுதியில் தொடங்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விதி துலங்கும்: குடிமகனை வெளியே விட எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் இருக்கட்டும், உள்ளே பிடித்து வைக்கும் வழியில் நிதானம் இருக்கட்டும்.

கைபேசியைக் கையாளத் தெரியாத முதியவரும், சிக்னல் கிடைக்காத கடலோரக் குடியிருப்பில் வாழும் மீனவரும் என்ன செய்வார்கள் என்பது இரண்டாவது ஆட்சேபம். மின்வழித் தாக்கலைக் கட்டாயமாக்கும் அறிவிப்புகளைத் தமிழ்நாட்டு வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்த்ததில் இந்த நியாயமும் இருக்கிறது. ஸ்கேனரும் தடையற்ற இணையமும் இல்லாத சிற்றூர் வக்கீலுக்கு அது கூடுதல் செலவு. அந்தச் செலவு கடைசியில் கட்சிக்காரர் தலையில்தான் விழும். எனவே கட்டாயம் என்பது நீதிமன்றத்தின் மீதுதான் இருக்க வேண்டும்: வசதியைத் தரும் கட்டாயம் அதற்கு, பயன்படுத்துவதா வேண்டாமா என்ற தேர்வு வழக்காளிக்கு. நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் இ-சேவை மையங்கள் நல்ல தொடக்கம். ஆனால் நீதிமன்றத்துக்கு வர முடியாதவருக்கான உதவியை நீதிமன்ற வாசலிலேயே வைத்தால் பயன் பாதிதான்.

மூன்றாவது ஆபத்து, மோசடிக்காரர்கள் நடத்தும் போலி நீதிமன்றம். 2024 ஆகஸ்டில் லூதியானா தொழிலதிபர் ஒருவரைத் திரை முன் உட்கார வைத்து, உச்ச நீதிமன்றம் போல் அரங்கமைத்து, தலைமை நீதிபதி போல் நடித்து, 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு முதிய பெற்றோர் தனியே இருக்கும் ஊர்களுக்கு இது நேரடி எச்சரிக்கை. ‘டிஜிட்டல் கைது’ என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை. எந்த நீதிமன்றமும் வழக்காளியைத் திரையில் அழைத்துப் பணம் அனுப்பச் சொல்லாது. ஆனால் இதற்குத் தீர்வு திரையைக் கைவிடுவதன்று. காணொளி விசாரணை என்றால் அது அரசு அலுவலகத்தில், அடையாளம் காணக்கூடிய ஓரிடத்தில், அதிகாரி முன்னிலையில்தான் நடக்கும் என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டால், வீட்டு வரவேற்பறையில் திடீரென்று முளைக்கும் ‘நீதிபதி’யை யாரும் நம்ப மாட்டார்கள்.

திரை செய்யாதது

தொழில்நுட்பம் வந்துவிட்டதே, ஏன் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன என்று கேட்பவர்களும் உண்டு. மாவட்ட, கீழமை நீதிமன்றங்களில் மட்டும் நாடு முழுவதும் 4 கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளன என்று தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பே சொல்கிறது. நீதிபதிப் பணியிடம் காலியாக இருந்தால், அதை எந்தக் கணினியும் நிரப்பாது. அவ்வாறு நிரப்பலாம் என்று செயற்கை நுண்ணறிவைக் கைகாட்டுவோருக்குப் பாடம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. இல்லாத தீர்ப்புகளைச் சாட்ஜிபிடி சொல்லிக் கொடுக்க, அவற்றை மேற்கோள் காட்டிய நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவு ஒன்றையே, அதில் காட்டப்பட்ட முன்தீர்ப்புகள் இல்லாதவை என்று தெரிந்ததும் திரும்பப் பெற நேர்ந்தது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், மாவட்ட நீதித்துறை எந்த முடிவுக்கும் எந்தத் தீர்ப்புக்கும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்று கொள்கை வகுத்தது. மொழிபெயர்ப்பும் எழுத்தாக்கமும் இயந்திரம் செய்யட்டும், மனிதர் சரிபார்த்த பிறகு. தீர்ப்பு என்பது தோற்றவருக்கும் காரணம் சொல்லும் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்கும் ஆள் வேண்டும்.

ஆக, இந்தக் கரைக்குத் தேவையானவற்றைப் பெரிய செலவின்றிச் செய்யலாம். கீழக்கரை போன்ற ஊரிலேயே, ஏற்கெனவே உள்ள அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரபூர்வமான காணொளி அறை. வளைகுடாத் தூதரகங்களில் சாட்சியம் பதிவு செய்ய முன்கூட்டியே நாள் ஒதுக்கும் ஏற்பாடு. திரையில் வருவதற்கான மனுவை முதல் வாய்தாவிலேயே முடிவு செய்யும் வழக்கம். ஐக்கிய அரபு அமீரகத்தின் சிவில் தீர்ப்புகளை இந்திய மாவட்ட நீதிமன்றங்களே நிறைவேற்றலாம் என்று 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. துபாய்த் தீர்ப்பு ராமநாதபுரத்தில் செல்லும்போது, துபாயிலிருந்து வரும் சாட்சியத்துக்குத் தயங்கக் காரணம் குறைவு.

இதே கரையின் இன்னொரு முனையில் தூரம் அப்படியே இருக்கிறது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்த விசைப்படகை மீட்க, ராமேசுவரத்துப் படகு உரிமையாளர்கள் மன்னார், ஊர்காவற்துறை நீதிமன்றங்களுக்குக் கடல் கடந்து போய் வருகிறார்கள். உரிமையாளர் வராத படகுகள் அரசுடைமையாகின்றன. எல்லைச் சிக்கலைத் திரை தீர்க்காது. ஆனால் உரிமையாளர் என்று மெய்ப்பிக்க மட்டும் ஒருவர் நாடு விட்டு நாடு போக வேண்டியதில்லை என்று இரு அரசுகளும் உடன்படுவது மீன்பிடி உரிமைப் பேச்சைவிட எளிது. காணொளி விசாரணை எத்தனை நடந்தது என்று நீதித்துறை ஆண்டுதோறும் கணக்குச் சொல்கிறது. அதனால் எத்தனை பேரின் பயணம் மிச்சமானது என்ற கணக்கையும் அது சொல்லத் தொடங்கட்டும். செலவிடும் கோடிகளுக்கு வழக்காளி கேட்கும் ரசீது அதுதான்.