உள்ளங்கால் மச்சமும் டெர்மோஸ்கோப்பும்

டெர்மோஸ்கோப் தோலின் மேல் வைத்துப் பார்க்கும் சிறு கைக்கருவி. சுமார் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அதைச் சுற்றி விளக்குகள், ஒளியை வடிகட்டும் போலராய்டு தகடுகள் ஆகியவை அதில் இருக்கும். வெறும் லென்ஸில் பார்த்தால் தோலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் உள்ளே இருப்பதை மறைத்துவிடும். போலராய்டு அந்தப் பளபளப்பை நீக்குவதால், உள்ளே போய்த் திரும்பும் ஒளி மட்டும் கண்ணுக்கு வருகிறது. மெலனின் நிறமி மேலாக இருந்தால் கறுப்பாகவும், சற்றுக் கீழே பழுப்பாகவும், ஆழத்தில் நீலமாகவும் தெரியும்.

தோல் புற்றுநோய் வெள்ளையரைவிட நமக்கு மிகக் குறைவு. ஆனால் அதில் கொடியதான மெலனோமா நமக்குப் பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிறது. வெயில் படாத இடம் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. பாடகர் பாப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்தது கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான்.

பாதத்தில் இந்தக் கருவி காட்டுவது அருமையான வேறுபாடு. உள்ளங்கால் ரேகைகள் மேடும் பள்ளமுமாக ஓடுகின்றன. வியர்வைத் துளைகள் மேட்டில்தான் திறக்கும். சாதாரண மச்சத்தின் நிறம் பொதுவாகப் பள்ளங்களில் கோடிடும். மெலனோமாவின் நிறமோ மேடுகளில் பட்டையாகப் படரும். ஜப்பானிய மருத்துவர் தோஷியாகி சாயிதாவின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மேட்டுப் பட்டை மெலனோமாக்களில் 86 சதவீதத்தில் காணப்பட்டது; சாதாரண மச்சங்களில் 99 சதவீதத்தில் அது இல்லை.

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண்ணைத் தோல் நோய்க்குப் பூசுவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். அந்த நம்பிக்கையோடு வருகிறவர்களும், பாதத்தில் வளரும் கரும்புள்ளியை முள் குத்திய தழும்பு, ரத்தக்கட்டு என்று விட்டுவிடாமல், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் தோல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். ஒரே நகத்தில் அகன்றுகொண்டே போகும் கறுப்புக் கோடும் அப்படித்தான். பல நகங்களில் ஒரேபோல் இருக்கும் மெல்லிய கோடுகள் கறுத்த தோலில் பெரும்பாலும் இயல்பானவை.

2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1,29,450 படங்களைக் கொண்டு கணினிக்குத் தோல் நோய்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் இத்துறையின் படத்தொகுப்புகளில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலின் படங்கள். ஆகவே நம் பாதங்களை அந்தக் கணினியிடம் மட்டும் ஒப்படைக்க முடியாது.

கருவி தருவது சந்தேகம் மட்டுமே. துண்டு வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் திசுப் பரிசோதனைதான் முடிவைச் சொல்லும். கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அப்போது மில்லிமீட்டரில் அளப்பார்கள். 1 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே அகற்றிவிட்டால் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள்.