பருவமழையும் முன்னறிவும்

பயிர் செய்து வாழும் நாடுகளில் ஓர் ஆண்டின் நன்மையும் தீமையும் அவ்வாண்டின் மழையைப் பொறுத்தனவாகும். இந்தியாவிலே ஆண்டு மழையின் ஏறக்குறைய முக்காற் பங்கு, யூன் முதல் செப்ரெம்பர் வரையுள்ள நான்கு மாதங்களில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்றினாற் கிடைக்கின்றது. அப்பருவத்தில் நாடு முழுவதற்கும் கணிக்கப்பட்ட சராசரி மழை ஏறக்குறைய 87 சதமமீற்றராகும். இதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற் குறையுமாயின் அவ்வாண்டு வரட்சியாண்டு எனக் கொள்ளப்படும். பத்து என்பது சிறு தொகையெனத் தோன்றலாம். ஆயின் இக்குறைவு எல்லா இடங்களுக்கும் எல்லா நாட்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஓரிடத்தில் விதைப்பு நாட்களிலும் வேறோரிடத்தில் கதிர் முற்றும் நாட்களிலும் மழை அடியோடு நின்றுவிடுதலும் உண்டு. ஆகவே, வரும் பருவத்தின் மழை எவ்வாறிருக்கும் என்னும் வினா பசியோடு தொடர்புடைய வினாவாகும்.

இவ்வினாவுக்கு விஞ்ஞான முறையில் விடைகாண முயன்ற வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகின்றது. இந்திய வானிலை ஆராய்ச்சித் திணைக்களம் 1875 இல் நிறுவப்பட்டது. அதற்கடுத்த ஆண்டிலே தொடங்கி 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில், தக்கணத்திலும் தென்னிந்தியாவிலும் பல இலட்சம் மக்கள் மாண்டனர். திணைக்களத்தின் முதற் தலைவராகிய ஹென்றி பிளான்போர்ட், இமயமலையிற் பனி மிகுதியாகப் பெய்த ஆண்டுகளிற் பருவமழை குன்றுதலை அவதானித்தார். அதன் காரணம் விளங்கத்தக்கதே. பனி ஞாயிற்றின் ஒளியைத் திருப்பியெறிகின்றது. உருகும்போது வெப்பத்தையும் உட்கொள்கின்றது. அதனால் நிலம் போதிய அளவு சூடேறுவதில்லை. நிலத்திற்கும் கடலுக்குமுள்ள வெப்ப வேறுபாடே பருவக்காற்றைத் தூண்டுவதாதலின், அவ்வேறுபாடு குறையக் காற்றும் தளர்வடைகின்றது. இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு 1886 இல் முதலாவது நீண்டகால முன்னறிவிப்பு முறைப்படி வெளியிடப்பட்டது.

பிளான்போர்டுக்குப் பின் வந்த ஜோன் எலியட் பனியோடு வேறு பல குறிகளையும் சேர்த்து விரிவான அறிக்கைகளை எழுதினார். 1899 ஆம் ஆண்டில் நல்ல மழை பெய்யும் என அவர் கூறியிருக்க, கொடிய வரட்சியும் அதன்பின் பஞ்சமும் வந்தன. அதன்பின் சில ஆண்டுகள் முன்னறிவிப்புகள் பொதுமக்களுக்கு வெளிவராது அரசாங்கத்தினுள்ளேயே வைக்கப்பட்டன.

இந்நிலையில் 1904 இல் பொறுப்பேற்றவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் கில்பேட் வோக்கர் ஆவர். காலநிலையின் காரணங்கள் முற்றும் விளங்காதவிடத்து, உலகின் பல பாகங்களிலுள்ள அமுக்கம், வெப்பநிலை, மழை ஆகியவற்றின் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றிடையுள்ள தொடர்பைக் கணித முறையால் அளப்பதே தக்க வழியென அவர் கருதினார். பெருந்தொகையான இந்திய எழுதுவினைஞர் கையாற் கணக்கிட்டுக் கொடுத்த எண்களிலிருந்து அவர் ஓர் அரிய உண்மையைக் கண்டார். பசிபிக் சமுத்திரப் பக்கத்தில் வளியமுக்கம் உயருங்கால் இந்து சமுத்திரப் பக்கத்தில் அது தாழ்கின்றது; ஒன்று தாழ மற்றையது உயர்கின்றது. தராசின் தட்டுக்கள் போன்ற இவ்வசைவுக்கு அவர் 1924 இல் தென் அலைவு எனப் பெயரிட்டார்.

வோக்கரின் முறையில் ஓர் இடர் உண்டு. நூற்றுக்கணக்கான குறிகளை மழையோடு ஒப்பிட்டால், யாதொரு தொடர்புமில்லாத சிலவும் தற்செயலாக இசைந்து நிற்கும். அத்தகையவற்றை நம்பினோர்க்குச் சென்ற ஆண்டுகளின் கணக்கெல்லாம் சரியாக அமையும். வரும் ஆண்டின் கணக்கோ பிழைத்துவிடும். உண்மையான தொடர்புகளும் என்றும் ஒரே வலிமையோடு நிலைப்பதில்லை. மேலும், தென் அலைவு கோடைக்குப் பின்வரும் மாதங்களின் நிலையை நன்கு காட்டுமேயன்றி, முன் நின்று கோடையைக் காட்டுவதில் வலுக்குறைந்தது. ஆதலின், இந்தியப் பருவமழை முன்னறியப்படுவதற்கன்றிப் பிறவற்றை முன்னறிவதற்கே பெரிதும் உதவுகின்றது என்னும் கருத்தைச் சேர் சார்ள்ஸ் நோர்மண்ட் 1953 இல் எடுத்துக் காட்டினார்.

தென் அலைவின் காரணம் 1969 இல் ஜேக்கப் பியர்க்னெஸ் என்னும் அறிஞரால் விளக்கப்பட்டது. பெரு நாட்டுக் கரையோரத்துக் கடல் சில ஆண்டுகளில் வழக்கத்திற்கு மாறாகச் சூடேறுவதுண்டு. இதனை அந்நாட்டு மீனவர் எல் நினோ என்பர். இவ்வெப்பம் பசிபிக்கின் நடுப்பகுதிவரை பரவும்போது, மழை முகில்கள் திரளும் இடமும் கிழக்கே நகர்கின்றது. அங்கு எழும் வளி வேறிடத்தில் இறங்கவேண்டுமன்றோ? அவ்விறக்கம் இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் நிகழுங்கால் முகில் திரளாது மழை குன்றும். 1877, 1899 ஆம் ஆண்டுகளின் வரட்சிகளும் எல் நினோவோடு கூடியனவே எனப் பிற்காலத்தார் அறிந்தனர்.

நாளை மறுநாளின் வானிலையைக் கூறுவதே கடினமாயிருக்க, நான்கு மாதங்களின் மழையை எவ்வாறு கூறலாம் என ஒருவர் வினவலாம். தொடக்க நிலையிலுள்ள மிகச் சிறிய வேறுபாடும் பெருகிப் பெரும் வேறுபாடாக முடியும் என எட்வேட் லோறன்ஸ் 1963 இல் நிறுவினார். ஆதலின் ஒரு குறித்த நாளின் வானிலையை ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு அப்பாற் கூறுதல் இயலாது. ஆயின் பருவ முன்னறிவிப்பு நாட்களைப் பற்றிப் பேசுவதன்று. ஒரு பக்கம் கனத்த பகடையின் அடுத்த வீச்சு யாதென எவராலுங் கூறமுடியாது. நூறு வீச்சுக்களில் எப்பக்கம் மிகுதியாக விழும் என்பதைக் கூறலாம். மெல்ல மாறும் கடல் வெப்பமே பருவத்தின் பகடையைக் கனக்கச் செய்வது. வெப்பமண்டலத்துக்கு இது சிறப்பாகப் பொருந்துமென ஜூல் சார்னியும் ஜகதீஷ் சுக்லாவும் 1981 இல் விளக்கினர்.

எனினும் கனத்த பகடையும் மறுபக்கமாக விழுதல் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் மிக வலிய எல் நினோக்களுள் ஒன்று 1997 இல் தோன்றியது. இந்தியாவில் வரட்சி வருமெனப் பலர் அஞ்சினர். மழையோ சராசரியைவிடச் சற்று மிகுந்தே பெய்தது. 2002 இல் எல் நினோ அத்துணை வலியதாயில்லை. பதினாறு குறிகளைக் கொண்டு 1988 முதல் வழங்கிய கணிப்பு முறை, வழக்கமான மழை பெய்யும் என்றது. ஆயின் யூலை மாத மழை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பருவ மழை சராசரியில் நூற்றுக்கு 81 ஆக முடிந்தது. 1997 இல் வெப்பம் பசிபிக்கின் கிழக்கே மிகுந்திருந்தது. 2002 இல் அது நடுப்பகுதியில் நின்றது. வெப்பத்தின் அளவோடு அதன் இடமும் நோக்கப்படவேண்டும் என்பது இவ்விரண்டாலும் தெளிவாயிற்று. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பாகம் சூடேறிக் கிழக்குப் பாகம் குளிரும் நிலையொன்று உண்டென்பதும் 1999 இல் விளக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டு யூன் மழை நூற்றுக்கு 33 குறைந்திருக்க, இந்நிலை வலுப்பெற்ற அவ்வாண்டிற் பருவ முடிவில் மொத்த மழை சராசரியில் நூற்றுக்கு 110 ஆயிற்று.

இலங்கைக்கும் இவ்வாராய்ச்சி அயலானதன்று. இந்தியக் கோடை மழையைக் குறைக்கும் அதே எல் நினோ, ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை இலங்கையிற் பெய்யும் மழையைப் பெரும்பாலும் மிகுவிக்கின்றது. வரண்ட வலயத்துக் குளங்கள் நிரம்புவதும் காலபோக நெல் விளைவதும் அம்மழையாலேயாம். எனவே ஒரே கடலின் ஒரே வெப்பம் பாக்கு நீரிணையின் இருமருங்கும், வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு பயனைத் தருதல் கூடும்.

இன்று கடலில் மிதக்கும் கருவிகளும் செய்மதிகளும் அளவைகளை அனுப்ப, கணனிகள் ஒரு பருவத்தைப் பலமுறை கணித்து, இவ்வளவு வாய்ப்பு உண்டு என எண்ணாற் கூறுகின்றன. மழை குறைவதற்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு எனக் கூறிய ஆண்டில் மழை நன்கு பெய்யுமாயின், அறிவிப்புப் பொய்த்தது என்றல் பொருந்தாது. எஞ்சிய நாற்பதும் அக்கூற்றினுள்ளேயே அடங்கியிருந்தது. அத்தகைய அறிவிப்புகளின் மெய்ம்மை பல ஆண்டுகளின் கணக்கைக் கொண்டே அளக்கப்படல் வேண்டும். இதனை உணர்ந்தவர் குறுகிய காலத்தில் விளையும் பயிரைத் தெரிதலும், குளத்து நீரைச் சிக்கனமாகத் திறத்தலும், களஞ்சியத்திற் தானியத்தைச் சேமித்தலும் உரிய காலத்திற் செய்வர். ஒருகால் மழை நன்கு பெய்யினும் இவற்றால் வரும் இழப்பு சிறிதே.

முன்னறிவு மாத்திரம் பசியைத் தீர்ப்பதில்லை என்பதும் ஈண்டு நினைவுகூரற்பாலது. 1877 இல் வரட்சி எவரும் முன்னறியாது வந்தது. ஆயினும் பஞ்சம் கண்முன்னே பரவிய பின்னரும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக் கொண்டிருந்தது. 2002 இன் வரட்சியும் முன்னறியப்படாததே. களஞ்சியங்களிற் தானியம் இருந்தமையால் அக்காலத்தைப் போன்ற பஞ்சம் அங்கு நேரவில்லை. மழையின் குறைவு கடலாலும் காற்றாலும் வருவது. அதனைப் பஞ்சமாகாது தடுத்தல் மாந்தர் கடனாகும்.