மாத்திரைக்கு அடங்காத சுகர்

'ஆளு இவ்வளவு ஒல்லியா இருக்காரு, இவருக்கு எப்படி சுகர்?' இந்தக் கேள்வியைக் கேட்காத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. தொந்தி, உட்கார்ந்த வேலை, டவுன் சாப்பாடு என்று சர்க்கரை நோய்க்கு நாம் மனதில் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறோம். தருமபுரிக்குப் பக்கத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு மடிப்பில் இருக்கும் வத்தல்மலை அந்தப் படத்துக்குள் அடங்காது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, நிழலில் காபிச் செடி, சரிவில் ராகியும் சாமையும். அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் அன்றாட வேலையே ஏறுவதும் இறங்குவதும்தான். அப்படி உழைக்கும் உடம்புக்கும் சுகர் வரலாம். அதில் ஒரு வகை, மாத்திரைக்கு நெடுநாள் அடங்கி இருக்காது.

மலைமேல் காபித் தோட்டம் வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆள் கற்பனை என்றாலும் அவருக்கு நடப்பவை எல்லாம் மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பவை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர் வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்க்கிறார், சர்க்கரை 280. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் தரப்படுகின்றன. முதல் ஆறு மாதம் எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. பிறகு சர்க்கரை மெல்ல மெல்ல ஏறுகிறது. மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் இறங்குவதில்லை. ராத்திரியில் நான்கு முறை எழுந்து வெளியே போகிறார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிடுகிறார். வீட்டில் மனைவி, கேம்ப்பில் நர்ஸ், டவுனில் டாக்டர் என்று மூன்று பேரும் கேட்பது ஒரே கேள்வி: 'மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?'

அவர் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறார். அவருடைய கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அவருடைய சொந்த நோய் எதிர்ப்பு மண்டலமே கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது. சிறுநீரோடு சர்க்கரை போகும், அதன் கூடவே தண்ணீரும் போகும். இன்சுலின் இல்லாததால் செல்களுக்குள் சர்க்கரை நுழைய முடிவதில்லை. உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து எரிக்கிறது. அவர் இளைத்ததற்குக் காரணம் இதுதான்.

குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவிலும் இதே அழிவுதான் நடக்கிறது. அங்கே வேகமாக முடிவது இங்கே மெதுவாக ஆண்டுக்கணக்கில் நீள்வதால், தொடக்கத்தில் பார்ப்பவருக்கு அச்சு அசலாக இரண்டாம் வகை போலவே தெரியும். மருத்துவ உலகில் இதற்கு 'லாடா' என்று பெயர்.

இது பிடிபட்ட கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. நோயாளிகளின் ரத்தத்தில் கணையத்தின் செல்களைக் குறிவைக்கும் எதிர்ப்பொருட்கள் இருப்பது 1974இல் தெரியவந்தது. மாத்திரையில் இருந்த பெரியவர்கள் சிலரிடமும் அவை இருப்பதை 1977இல் எடின்பரோவின் இர்வைனும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். அந்த எதிர்ப்பொருட்கள் எந்தப் புரதத்தைத் தாக்குகின்றன என்பது மட்டும் பிடிபடவில்லை. விடை கிடைத்தது நரம்பியலில். உடம்புத் தசைகள் கட்டையாக விறைத்துக்கொள்ளும் அரிய நோய் ஒன்று உண்டு. அந்த நோய் இருந்த ஒருவருக்கு நீரிழிவும் இருந்தது. அவருடைய ரத்தத்தில் 'காட்' என்ற நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதை 1988இல் யேல் பல்கலைக்கழகத்தின் சொலிமேனாவும் டி கமில்லியும் கண்டார்கள். மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும் நொதி அது. கணையத்தின் பீட்டா செல்களிலும் அதே நொதி இருக்கிறது. நீரிழிவு ஆய்வாளர்கள் பல வருடமாகத் தேடிய மர்மப் புரதம் இதுதான் என்பதை 1990இல் பெக்கெஸ்கோவ் தலைமையிலான குழு உறுதிசெய்தது. மூன்றே ஆண்டுகளில், 1993இல், டூமியும் சிம்மெட்டும் அவர்களுடைய சகாக்களும் அந்த எதிர்ப்பொருள் சோதனையை 'இன்சுலின் தேவைப்படாத' பெரியவர்களிடம் செய்து பார்த்து, மறைந்திருக்கும் இந்த நோய்க்கு லாடா என்ற பெயர் வரக் காரணமானார்கள்.

இரண்டாம் வகை என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இந்த எதிர்ப்பொருட்கள் இருப்பதை பிரிட்டனில் 1997இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. சீனாவில் 2013இல் வெளிவந்த ஆய்வில் இது 5.9 சதவீதம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்லியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னப் பங்கு என்றாலும் அது லட்சக்கணக்கில் வரும்.

கண்டுபிடிக்க இரண்டு ரத்தப் பரிசோதனைகள் போதும். ஒன்று காட் எதிர்ப்பொருள். மற்றது சி-பெப்டைடு. கணையம் இன்சுலின் மூலக்கூறு ஒன்றைச் சுரக்கும்போதெல்லாம் கூடவே ஒரு சி-பெப்டைடும் வெளிவருகிறது. அதை அளந்தால் உடம்பின் சொந்த இன்சுலின் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். 2020இல் உலக நிபுணர்கள் கூடி எழுதிய பரிந்துரை இந்த அளவை வைத்தே வழி சொல்கிறது. லிட்டருக்கு 0.3 நானோமோலுக்குக் கீழே போனால் இன்சுலின்தான் சிகிச்சை. 0.7க்கு மேல் இருந்தால் இப்போதைக்கு வேறு மருந்துகளோடு சமாளிக்கலாம். நடுவில் இருப்பவர்களை விடாமல் கண்காணிக்க வேண்டும்.

ஒல்லியான எல்லாருக்கும் லாடா என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. கணையத்தில் கல் சேர்ந்து வரும் நீரிழிவு தென்னிந்தியாவில் பழைய கதை. வயிற்றுவலியும் ஸ்கேனும் அதைக் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, சின்ன வயதில் போதிய சாப்பாடு கிடைக்காதவர்களுக்கு வளர்ந்த பிறகு வரும் நீரிழிவு. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் நீண்ட காலமாக ஆய்ந்துவரும் அதற்கு, 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 'ஐந்தாம் வகை' என்று தனி அங்கீகாரமே தந்துவிட்டது. அவர்களிடம் காட் எதிர்ப்பொருள் இருக்காது. அதிக இன்சுலின் கொடுத்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். மலைக்கிராமத்தில் ஒல்லியாக ஒருவர் சுகரோடு வந்து நின்றால் இந்த மூன்றும் மருத்துவரின் மனதில் வந்துபோக வேண்டும்.

லாடா என்று உறுதியானபின் மாற்ற வேண்டிய முதல் மருந்து கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள். சாகும் நிலையில் இருக்கும் பீட்டா செல்களை விரட்டி வேலை வாங்குபவை அவை. அவற்றைக் கொடுத்தவர்களைவிட, சிறு அளவு இன்சுலினைச் சீக்கிரமே ஆரம்பித்தவர்களிடம் சொந்தச் சுரப்பு நெடுநாள் மிஞ்சியதை ஜப்பானிய மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அந்த மிச்சத்தைக் காப்பாற்றுவது அற்பக் காரியமில்லை. கொஞ்சமேனும் சொந்தமாகச் சுரக்கும் உடம்பில் சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்குவதில்லை.

இந்த இடத்தில்தான் ஊர்ப்பேச்சு குறுக்கே வந்து நிற்கிறது. 'சுகர் முத்திப்போச்சு, ஊசிக்கு வந்துட்டாரு' என்கிறார்கள். இன்சுலின் கடைசிக் கட்டம், அதற்குப் பிறகு கண் போகும், கால் போகும் என்ற பயம் ஊருக்கு ஊர் இருக்கிறது. கண்ணையும் காலையும் கெடுப்பது வருடக்கணக்கில் ஏறிக்கிடந்த சர்க்கரை. ஊசியைத் தள்ளிப்போட்ட காலத்தில் நடந்த சேதத்துக்கு ஊசியின் மேல் பழி விழுகிறது. 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு அவன் நிலையில் இருந்தவர்களுக்கு மருத்துவம் கொடுக்க முடிந்தது பட்டினி மட்டும்தான். சுகர் முத்திப்போனதால் அவனுக்கு ஊசி போடவில்லை. அவன் உடம்பில் இல்லாத ஒன்றைக் கொடுத்தார்கள். நம் காபி விவசாயிக்குக் கொடுப்பதும் அதையேதான்.

இனி அவர் வீட்டுக்குள் போவோம். அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் கிடைப்பது மில்லிக்கு 40 யூனிட் கொண்ட பாட்டில். அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. மில்லிக்கு 100 யூனிட் கொண்ட இன்சுலினும் கடையில் உண்டு. அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. டவுனில் மகன் வாங்கிவந்த பாட்டிலையும் வீட்டில் மிச்சமிருந்த சிரிஞ்சையும் சேர்த்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் குடும்பங்கள் இருக்கின்றன. பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளில் 40ஆ 100ஆ என்று வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது.

வேகமான இன்சுலினும் மெதுவானதும் கலந்த, '30/70' என்று எழுதிய பாட்டில் வெள்ளையாகக் கலங்கி இருக்கும். வைத்த இடத்தில் இருந்தால் வெள்ளை அடியில் படிந்து மேலே தெளிநீர் நிற்கும். குலுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பத்துப் பதினைந்து முறை உருட்ட வேண்டும், பால் மாதிரி ஒரே நிறம் வரும்வரை. உருட்டாமல் இழுத்தால் ஒருநாள் வேகமான இன்சுலின் அதிகம் போகும், மறுநாள் மெதுவானது அதிகம் போகும். 'ஊசி போட்டும் சுகர் ஏறி ஏறி இறங்குது' என்பவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். அடுத்த கேள்வி, எங்கே குத்துகிறீர்கள் என்பது. வலிக்காத இடம் என்று தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் குத்தினால் அங்கே கொழுப்பு கட்டியாகத் தடித்துவிடும்; அதில் போகும் மருந்து சரியாக ரத்தத்தில் சேராது. விரலால் தடவினாலே தெரியும்.

வத்தல்மலைக்கு ஒரு சாதகம் உண்டு, குளிர்ச்சி. திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும் என்றாலும், பயன்பாட்டில் இருக்கும் பாட்டில் 25, 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை தாங்கும். கரன்ட் போனாலும் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டாலும், ஈர மணலுக்கு நடுவே வைத்த மண்பானை போதும். கென்யாவின் அகதி முகாம் ஒன்றின் வெப்பநிலையைப் பின்பற்றி, 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரம் வைத்த இன்சுலின் வீரியம் குறையாமல் இருந்ததை 2021இல் ஜெனீவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் காட்டின. ஆபத்து மலையில் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது. மே மாத வெயிலில் தருமபுரியில் மருந்து வாங்கி, பைக் பெட்டிக்குள் போட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் நேரம்தான் அதைக் கெடுக்கும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறையவிட்டாலும் பாட்டில் வீண்.

எனக்கு மிகவும் கவலை தருவது சாப்பாட்டு நேரம். காலை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஊசி என்று சீட்டில் எழுதியிருக்கும். தோட்ட வேலைக்காரர் விடியலில் ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்பி, பத்து மணிக்கு மேல்தான் உட்கார்ந்து சாப்பிடுவார். ஆறு மணிக்கே ஊசி போட்டுவிட்டால் எட்டு மணிக்குச் சரிவில் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று ஒதுங்கிப் போகக்கூடும். தன் சாப்பாட்டு வேளை எது என்பதை அவர் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊசி நேரத்தை மாற்றலாம், இன்சுலினின் வகையையே மாற்றலாம். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் உழைப்பு கூடும்போது அளவைக் குறைக்க வேண்டிவரும். பகலில் கடுமையாக உழைத்தவருக்கு ராத்திரி தூக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம்.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதற்காக ஒரு பொட்டலம் எப்போதும் இடுப்பில் இருக்கட்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். 108ஐக் கூப்பிட வேண்டும். இது நோயாளியைவிட அவரோடு வேலை செய்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சிறுதானியம் சாப்பிட்டால் சுகர் வராது என்ற பேச்சையும் இங்கே நிறுத்திப் பார்க்கலாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம், ராகியில் 67, சாமையில் 66. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. இன்சுலின் கணக்குக்கு இரண்டு உருண்டை களியும் மாவுச்சத்துதான்.

காய்ச்சல், வாந்தி என்று படுத்துவிட்டால் 'சாப்பிடலையே, ஊசி எதுக்கு' என்று முழுவதுமாக நிறுத்துகிறார்கள். சொந்தச் சுரப்பு வற்றிவிட்டவருக்கு அது உயிருக்கே ஆபத்து. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பெருமூச்சு மாதிரி ஆழமான சுவாசம் என்றால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிட்டது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மலையை விட்டு இறங்கி தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்த நல்ல திட்டம். அந்தப் பணியாளரின் நோட்டில் ஒரு பத்தி கூட வேண்டும் என்று நான் கேட்பேன்: போன வருடம் எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு. மாத்திரை சாப்பிட்டும் சர்க்கரை ஏறி, எடை இறங்கிக்கொண்டே வருபவரிடம் 'ஒழுங்கா சாப்பிடுறீங்களா' என்று மறுபடி கேட்காமல், காட் எதிர்ப்பொருள், சி-பெப்டைடு பரிசோதனைகளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கீழே அனுப்பட்டும். அதே ரத்தத்தில் தைராய்டையும் பார்த்துவிடலாம். லாடா உள்ளவர்களுக்கு அந்தச் சுரப்பியையும் எதிர்ப்பு மண்டலம் தாக்குவது சகஜம்.